பெயருக்கும் பாடு உண்டு

பழவேற்காட்டில் கருவாடும் இறால் ஊறுகாயும் விற்கும் பெண்கள் குழு ஒன்று எனக்குப் பல வருடப் பழக்கம். என் அரிசி அவர்களுக்கு, அவர்கள் கருவாடு எனக்கு. போன மாதம் போனபோது ஒரே கவலை. அவர்கள் டிரேட்மார்க் பதிந்து வைத்திருக்கும் பெயரிலேயே வேறொருவர் கருவாட்டுப் பாக்கெட் போடுகிறாராம்.

சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். 31-ஆம் வகுப்பு என்றிருந்தது.

“மீனுன்னா மீன்தானேண்ணே, அதுல என்ன வகுப்பு?” என்றார் தலைவி.

அங்கேதான் சிக்கல். டிரேட்மார்க்கில் மொத்தம் 45 வகுப்புகள். 1 முதல் 34 வரை பொருள்கள், மீதி சேவைகள். உயிருள்ள மீனும் நண்டும் 31. அதே மீன் செத்துவிட்டால், ஐஸில் இருந்தாலும் சரி, கருவாடானாலும் சரி, 29. விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவர் இதைக் கேட்கவே இல்லை. இவர்களோ உயிர் மீன் விற்றதே இல்லை. அந்த வியாபாரியைத் தடுக்கச் சட்டத்தில் வழியே இல்லாமல் இல்லை. ஆனால் 29 கையில் இருந்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடிந்திருக்கும். இப்போது புது விண்ணப்பம், புதுக் கட்டணம்.

அவர்கள் ஏரியை வைத்தே விளக்கினேன். சுத்து வலை போடும் இடங்களைப் பாடு பாடாகப் பிரித்து, சீட்டுப் போட்டு முறை வைத்துத்தானே அங்கே இறால் பிடிக்கிறார்கள்? ஒரு பாட்டில் முறை இருக்கிறது என்பதற்காக அடுத்த பாட்டில் வலை கட்ட முடியுமா? டிரேட்மார்க் வகுப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

நமக்கும் இதே கதைதான். விதைநெல் 31, அதை அரைத்த அரிசி 30. பச்சைக் காய்கறி 31, வற்றல் 29. செக்கு எண்ணெய் 29. தேன், வெல்லம், மசாலாத்தூள் 30. மண்புழு உரம் 1, பூச்சிக்கொல்லி 5. பலருடைய விளைபொருளை வாங்கி விற்கும் கடைக்கு 35. என்ன விளைவிக்கிறோம் என்பதல்ல, எந்த வடிவில் விற்கிறோம் என்பதே கணக்கு.

அதற்காக எல்லா வகுப்பிலும் போட வேண்டாம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழியில் வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிந்துவிட்டு ஐந்தாண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் போட்டு வைத்தால் நீக்கச் சொல்லி மற்றவர் கேட்கலாம். இன்று விற்பதையும், அடுத்த ஓரிரு வருடத்தில் உறுதியாக விற்கப்போவதையும் தாளில் எழுதுங்கள். எதிரே வகுப்பு எண்ணைக் குறியுங்கள். அதன் பிறகு ஆளைத் தேடுங்கள். லேபிள் அச்சடிப்பதற்கு முன் இது நடக்க வேண்டும்.

குழு 29-இல் விண்ணப்பம் கொடுத்துவிட்டது. இந்த முறை வரி வரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.