அமளி இல்லாத நாளில் அவை என்ன செய்கிறது?

“நாடாளுமன்றத்தில் என்ன நடக்கிறது? கத்துகிறார்கள், வெளிநடப்புச் செய்கிறார்கள், படியை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள்.” பேருந்திலும் கல்யாண வீட்டிலும் கல்லூரி விழாவிலும் இந்தப் பேச்சைக் கேட்கிறேன். படித்தவர்கள்தான் இதை அதிக உறுதியோடு சொல்கிறார்கள். கேள்வி நேரம் ஒரு சடங்கு, அமைச்சர்கள் மழுப்புவார்கள், மேஜை மீது வைக்கப்படும் காகிதங்களை யாரும் புரட்டுவதில்லை, இருக்கைகள் காலி, இருப்பவர்களும் கொறடா சொன்னபடி கை தூக்குகிறவர்கள், இத்தனைக்கும் நிமிடத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் செலவு. குற்றச்சாட்டு இவ்வளவுதான். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். இதில் பாதி தவறு. மீதிப் பாதி உண்மையென்றாலும், அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறு.

முதலில் கூச்சல். அவை முடங்கும் நாட்கள் உண்டு, அதை யாரும் மறைக்க முடியாது. ஆனால் நாம் தொலைக்காட்சியில் பார்ப்பது அந்த நாளின் முப்பது விநாடி. பதாகையோடு நடுக்கூடத்துக்கு ஓடி வருகிற உறுப்பினர் செய்தியாகிறார். இராமநாதபுரத்து மீனவருக்காகவோ ஓர் ஊரில் நிற்காமல் போகும் ரயிலுக்காகவோ இரண்டு நிமிடம் பேசி உட்காருகிறவர் செய்தியாவதில்லை. அமளி இல்லாத ஒரு சாதாரண நாளில் மக்களவை காலை 11 மணிக்குக் கூடுகிறது. ஒரு மணி நேரம் கேள்விகள். பிறகு ஆவணங்களை மேஜை மீது வைப்பது, குழு அறிக்கைகள், அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரம், 377-ஆம் விதியின் கீழ் தொகுதிப் பிரச்சினைகள், மசோதா விவாதம். வெள்ளிக்கிழமையென்றால் கடைசி இரண்டரை மணி நேரம் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும். பார்க்கச் சலிப்பாக இருக்கும். அரசாங்கத்தைக் கணக்குக் கேட்கிற வேலை சலிப்பான வேலைதான்.

அடுத்தது கேள்வி நேரம். இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் தவறான எண்ணம் அதிகம் படிந்திருப்பது இதன் மீதுதான்.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியோடு பட்டியலாகின்றன. இவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்விகளையும் சந்திக்க வேண்டும். நேரம் போதாமல் நாலைந்துதான் வாய்மொழிக்கு வரும். மீதியெல்லாம் எழுத்துப் பதிலாகிவிடும். இவை போக, நட்சத்திரக் குறியில்லாத 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில். மாநிலங்களவையில் 15, 160. இரண்டு அவைகளும் சேர்ந்து ஒரே நாளில் நானூற்றுச் சொச்சம் கேள்விகள். அமைச்சகங்களை ஐந்து குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு கிழமை கொடுத்திருப்பதால், எந்த அமைச்சரும் கூட்டத்தொடர் நடக்கும் வாரத்தில் ஒருமுறையாவது மாட்டிக்கொள்வார்.

கேள்வி கொடுத்ததற்கும் பதில் வருவதற்கும் இடையில் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. உறுப்பினர் முழுதாக 15 நாட்களுக்கு முன்பே எழுதிக் கொடுக்கிறார். குலுக்கலில் தேறி, ஏற்கப்பட்டால் கேள்வி அமைச்சகத்துக்குப் போகிறது. அங்கே ஒரு பிரிவு அலுவலர் கோப்பைத் தேடுகிறார். மாநில அரசுகளிடமும் கீழ் அலுவலகங்களிடமும் விவரம் கேட்கிறார்கள். வரைவுப் பதில் மேலதிகாரிகளின் மேஜைகளைக் கடந்து அமைச்சரின் ஒப்புதலுக்குப் போகிறது. யாரும் அதுவரை கூட்டிப் பார்க்காத ஒரு எண்ணை, கேள்வி வந்த காரணத்தாலேயே கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தெரிந்தே பொய்யான பதிலைச் சொன்னால் அது உரிமை மீறல். தகவல் அறியும் உரிமைச் சட்டம் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பிருந்தே இந்த வழி திறந்திருக்கிறது.

மழுப்புவார்களே என்பது அடுத்த வாதம். மழுப்புகிறார்கள். ஆனால் மழுப்பல் பதிவாகிறது என்பதை மறந்துவிடுகிறோம். 1957 செப்டம்பரில், அப்போதுதான் பிறந்திருந்த ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஒரு தனியாரின் நிறுவனங்களில் பணம் போட்டதா என்று மக்களவையில் ஒரு கேள்வி வந்தது. கிடைத்த பதில் திருப்தியாக இல்லை. அந்தத் திருப்தியின்மையைப் பிடித்துக்கொண்டு, ஆளுங்கட்சி உறுப்பினரான ஃபெரோஸ் காந்தி டிசம்பரில் விவரங்களோடு எழுந்தார். தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய் போடப்பட்டிருந்தது. நீதிபதி சாக்ளா விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நேருவுக்கு நெருக்கமான, சென்னையின் பெரிய தொழிற்குடும்பத்திலிருந்து போன ஓர் அமைச்சரை நாற்காலியிலிருந்து இறக்கிய அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி, கேள்வி நேரத்தில் வந்த ஒரு சாதாரணக் கேள்வி.

பழைய கதை என்று ஒதுக்க வேண்டாம். 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டி வாய்மொழிக் கேள்வி நேரத்தை நிறுத்தினார்கள். எழுத்துக் கேள்விகள் மட்டும் மிச்சமிருந்தன. ஊரடங்கில் சொந்த ஊருக்குத் திரும்பிய தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டதற்கு, அப்படி ஒரு தரவு பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுதிக் கொடுத்தது. நாடே கொதித்தது. செத்தவர்களை எண்ணவில்லை என்பதை அரசின் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்தது அந்தக் கேள்விதான். அதே வாரத்தில் மாநிலங்களவையில் இன்னொரு கேள்விக்கு ரயில்வே அமைச்சகம் பதில் சொன்னது: செப்டம்பர் 9 வரை சிறப்பு ரயில்களில் 97 பேர் இறந்தார்கள். மனதை உறுத்தும் அந்த எண்ணும் எழுத்துப் பதிலிலிருந்து வந்ததுதான்.

“தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்” என்று அமைச்சர் சொன்னால் பலர் அத்தோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த வாக்கியம் ஓர் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறுகிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அதைப் பின்தொடர்வதற்கென்றே அரசு உறுதிமொழிகள் குழு 1953 முதல் மக்களவையில் இருக்கிறது. நிலுவைகள் நிறையத்தான். நிலுவை என்று எழுதிவைக்க ஓர் இடம் இருப்பதால்தான் அது நிலுவை என்பதே நமக்குத் தெரிகிறது.

இன்னொன்றையும் கேட்கிறேன். 2005-இல் கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாகப் பிடிபட்ட 11 உறுப்பினர்களை இரு அவைகளும் வெளியேற்றின. வெட்கக்கேடு. ஆனால் கேள்விக்கு மதிப்பே இல்லையென்றால் அதை விலைக்கு வாங்கலாம் என்று யாருக்கு, எதற்காகத் தோன்ற வேண்டும்? நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபின் 1975 ஜூலையில் கூடிய கூட்டத்தொடரில் உடனே நிறுத்திவைக்கப்பட்டது கேள்வி நேரம். அதன் அருமை, அதை நிறுத்தியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மேஜை மீது வைக்கும் காகிதங்களுக்கு வருகிறேன். நண்பகல் 12 மணிக்கு அமைச்சர்கள் வரிசையாக எழுந்து ஒரே வாக்கியத்தைச் சொல்லி உட்காருவார்கள். கேமரா அந்த நேரத்தில் தூங்கும். அந்த ஐந்து பத்து நிமிடத்தில்தான் பொதுத்துறை நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும், அரசு போட்ட விதிகளும், அரசியலமைப்பின் 151-ஆவது பிரிவின்படி தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகளும் நம் கைக்கு வருகின்றன. மேஜை மீது வைக்கும்வரை தணிக்கை அறிக்கை அரசின் பெட்டிக்குள் இருக்கும் தாள். வைத்த நொடியிலிருந்து அது பொதுச்சொத்து. 2023 ஆகஸ்டில் அப்படி வைக்கப்பட்ட ஓர் அறிக்கையில்தான், ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தில் ஏறத்தாழ 7.5 லட்சம் பயனாளிகளின் பெயர்கள் 9999999999 என்ற ஒரே கைப்பேசி எண்ணோடு இணைக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. பயனாளியின் தகுதியை முடிவு செய்வதில் கைப்பேசி எண்ணுக்குப் பங்கில்லை என்று அரசு விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கத்தைக் கொடுக்க வேண்டிய நிலைக்கு அரசைக் கொண்டுவந்தது, யாரும் புரட்டுவதில்லை என்று நாம் சொல்லும் காகிதம்தான்.

இந்த அறிக்கைகள் அடுத்துப் பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகின்றன. 22 உறுப்பினர்கள், 1967 முதல் எதிர்க்கட்சிக்காரர் தலைவர். செயலர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார்கள். துறைவாரியான 24 நிலைக்குழுக்களும் இதே மாதிரி மூடிய அறையில், கேமரா இல்லாமல் கூடுகின்றன. வெளியே சண்டையிடுகிற கட்சிகள் ஒரே அறிக்கையில் ஒப்பமிடுவது அங்கே வழக்கம்.

காலி இருக்கைகள் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பத்தில் ஒரு பங்கு உறுப்பினர் இருந்தால் அவை நடக்கலாம் என்று அரசியலமைப்பே சொல்கிறது. மக்களவைக்கு அது 55. மதியத்துக்குமேல் பலர் வருவதில்லை என்பது உண்மை. சோம்பலால் வராதவரைத் தொகுதி தட்டிக்கேட்க வேண்டும். ஆனால் ஆளில்லாத மாலையில் பேசிய பேச்சும் முழுதாகப் பதிவேட்டில் ஏறுகிறது.

கொறடா பற்றிய குறை கனமானது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, வாக்கெடுப்பில் உறுப்பினரின் மனச்சாட்சிக்கு இடம் சுருங்கிவிட்டது. இதை நானும் குறையாகவே பார்க்கிறேன். ஆனால் கேள்விக்கும் பூஜ்ய நேரத்துக்கும் 377-க்கும் கொறடா இல்லை. தனிநபர் மசோதாவை அமைச்சரல்லாத எந்த உறுப்பினரும் தன் பெயரில் கொண்டுவரலாம். சுதந்திரத்துக்குப் பிறகு 14 தனிநபர் மசோதாக்கள்தான் சட்டமாகியிருக்கின்றன, 1970-க்குப் பின் ஒன்றுகூட இல்லை என்று எதிர்வாதம் வரும். சரிதான். அந்தப் பதினான்கில் ஒன்று, நாடாளுமன்ற நடவடிக்கைகளைப் பத்திரிகைகள் அச்சமின்றி வெளியிடப் பாதுகாப்புத் தந்த 1956-ஆம் ஆண்டுச் சட்டம். கொண்டுவந்தவர் அதே ஃபெரோஸ் காந்தி. 2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை, திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா மாநிலங்களவையில் ஒருமனதாக நிறைவேறியது. மக்களவையில் அது சட்டமாகவில்லை. 2019-இல் அரசு தானே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் உள்ளடக்கத்தை அந்தச் சமூகத்தினரே கடுமையாக விமர்சித்தார்கள். ஆனாலும், பேசவே கூச்சப்பட்ட ஒரு விஷயத்தில் எல்லாக் கட்சிகளையும் ஒரு வெள்ளி மாலை ஒன்றாக நிற்கவைத்தார் ஒரே உறுப்பினர்.

கடைசியாகச் செலவு. நிமிடத்துக்கு இரண்டரை லட்சம் என்று ஊரெல்லாம் சுற்றும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஆறு மணி நேரத்துக்கு 9 கோடி ரூபாய். 2024-25 மத்திய பட்ஜெட்டின் செலவு சுமார் 48.2 லட்சம் கோடி, அதாவது நாளொன்றுக்கு 13,200 கோடி. அரசு செலவழிக்கும் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் காவலுக்கு 7 பைசா. அதுவும் அவை கூடும் நாட்களில் மட்டும். ஒரு வீட்டுக்காரர்கூடத் தன் கணக்குப்பிள்ளைக்கு இதைவிட அதிகம் கொடுப்பார். இந்தச் செலவுக் கணக்கு, அவையை முடக்குகிறவர்களுக்கு எதிரான வாதம். அவைக்கு எதிரான வாதமாக அதைத் திருப்புவது நியாயமில்லை.

கோபப்பட வேண்டியவை வேறு இடத்தில் இருக்கின்றன. முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாட்கள் கூடியது. 17-ஆவது மக்களவை ஐந்தாண்டுகளில் மொத்தம் 274 நாட்கள், ஆண்டுக்கு 55. 15-ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழு ஆய்வுக்குப் போயின. 17-ஆவதில் 16 சதவீதம். 2023 மார்ச்சில் அமைச்சகங்களின் மானியக் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் நிறைவேறின. அந்த ஆண்டு டிசம்பரில் இரு அவைகளிலும் 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்கள் கொடுத்திருந்த கேள்விகள்கூடப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அதே கூட்டத்தொடரில் மூன்று குற்றவியல் சட்டங்கள் நிறைவேறின. சாதாரண நாட்கள் குறைந்துகொண்டே போகின்றன, குறைகின்றன என்று குரல் கொடுக்க வெளியே ஆளில்லை. நாடாளுமன்றமே வீண் என்று நாமே சொல்லிக்கொண்டிருந்தால், நாட்களைக் குறைப்பவர்களிடம் நாம் எதைக் கேட்க முடியும்?

எல்லாப் பதில்களும் இரு அவைகளின் இணையதளங்களில் கிடைக்கின்றன. உறுப்பினரின் பெயரைத் தட்டினால், இந்த ஐந்தாண்டில் அவர் எத்தனை கேள்வி கேட்டார், எதைப் பற்றிக் கேட்டார் என்று வந்துவிடும். உங்கள் தொகுதிக்காரரின் பெயரைப் போட்டுப் பாருங்கள். ஊர் ஏரிக்கு வந்த மத்திய நிதி எங்கே போனது, பாதியில் நிற்கும் மேம்பாலம் எப்போது முடியும், உங்களுக்கு எது உறுத்துகிறதோ அதைக் கேள்வியாக எழுதி அவர் அலுவலகத்தில் கொடுங்கள். கூட்டத்தொடர் தொடங்கும்வரை காத்திருக்காதீர்கள். அவர் அதைப் பதினைந்து நாள் முன்பே டெல்லியில் சேர்க்க வேண்டும்.