ரேஷன் பையில் பருப்பும் மல்லாட்டை எண்ணெயும் சேரட்டும்

விழுப்புரம் மாவட்டத்தில் நால்வர் கொண்ட ஓர் அரிசி அட்டைக் குடும்பம் மாதம் 20 கிலோ அரிசியை விலையில்லாமல் பெறுகிறது. அதே அட்டைக்கு 30 ரூபாயில் ஒரு கிலோ துவரம்பருப்பு, 25 ரூபாயில் ஒரு லிட்டர் பாமாயில், சலுகை விலையில் சர்க்கரை. இதை ஆளுக்கு, நாளுக்கு என்று பிரித்தால் அரிசி ஏறத்தாழ 167 கிராம்; பருப்பு 8 கிராம். அந்த 8 கிராமில் உள்ள புரதம் 2 கிராமைக்கூட எட்டாது. பசியை விரட்டிய பெருமை இந்தப் பைக்கு உண்டு. இனி அது மாரடைப்பையும் நீரிழிவையும் தடுக்கும் பையாகவும் ஆக வேண்டும். அதற்கான முதல் முயற்சியை விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு தொடங்க வேண்டும்.

அவசரத்தைப் புள்ளிவிவரமே சொல்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கூடுதல் எடையோ உடற்பருமனோ கொண்ட பெண்கள் 2015-16இல் 30.9 விழுக்காடு, அடுத்த ஆய்வில், 2019-21இல், 40.4 விழுக்காடு. ஆண்களிடம் இது 28.2இலிருந்து 37 ஆனது. 2020இல் தமிழ்நாட்டில் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வு, பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதையும், அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருப்போர் 7.3 விழுக்காட்டினர் மட்டுமே என்பதையும் காட்டியது. 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு பிறரைவிட ஏறத்தாழ ஆறு ஆண்டு முன்னதாக, 53 வயதையொட்டி வருகிறது. பிள்ளைகளின் படிப்பும் திருமணமும் முடியாத வயது அது.

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் “எங்க பரம்பரையே இப்படித்தான்” என்ற பதில் வந்து விழுகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரே உயரமும் எடையும் உள்ள ஐரோப்பியரைவிட இந்தியர் உடலில் கொழுப்பு கூடுதல். 2004இல் ‘லான்செட்’ இதழில் புனே மருத்துவர் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்களையே சான்றாக வைத்து இதை விளக்கினார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3; உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2. கைகால் மெலிந்திருக்க வயிறு மட்டும் முன்தள்ளும் உடல்வாகு நம் ஊர்களில் சாதாரணம். ‘எஃப்.டி.ஓ.’ என்ற மரபணுவின் ஒரு வகை உடற்பருமனோடு தொடர்புடையது என்பது 2007இல் தெரியவந்தது. இதயத் தசையைப் பலவீனமாக்கும் ஒரு மரபணுக் குறைபாடு தெற்காசியர்களில் நூற்றுக்கு நால்வரிடம் இருப்பதை, ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோரின் ஆய்வு 2009இல் ‘நேச்சர் ஜெனிட்டிக்ஸ்’ இதழில் வெளியிட்டது.

ஆனால், பரம்பரை முழுக் காரணமாகாது. ஐந்தாண்டுக்குள் ஒரு மக்கள்கூட்டத்தின் மரபணு மாறிவிடாது. ஆனால் கூடுதல் எடையோ பருமனோ கொண்ட பெண்களின் விகிதம் அதே காலத்தில் ஏறத்தாழ 10 புள்ளி ஏறிவிட்டது. ‘எஃப்.டி.ஓ.’ வகையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், அதை அறவே பெறாதவர்களைவிட சராசரியாக 3 கிலோ அளவுக்கே எடை கூடியவர்கள் என்று ஐரோப்பியர்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. சென்னையில் நடந்த ‘க்யூர்ஸ்’ ஆய்வின் தரவுகளைக் கொண்டு வெளியான 2016ஆம் ஆண்டுக் கட்டுரை இன்னும் முக்கியமானது: இந்த மரபணுவின் பாதிப்பு, மாவுச்சத்தை மிக அதிகமாக உண்பவர்களிடமும் உடலுழைப்பு இல்லாதவர்களிடமும்தான் கூடுதலாகத் தெரிந்தது. பரம்பரை வாய்ப்பைத் தருகிறது. அந்த வாய்ப்பை நோயாக்குவது பெரும்பாலும் தட்டும் நாற்காலியும்தான். பரம்பரையை நம்மால் மாற்ற முடியாது. தட்டில் என்ன விழுகிறது என்பதில் அரசுக்குப் பெரும் பங்கு உண்டு.

உடலுக்குள் நடப்பது இதுதான். தீட்டிய வெள்ளை அரிசி விரைவில் குளுக்கோஸாகி ரத்தத்தில் கலக்கிறது. அதை அடக்க இன்சுலின் கூடுதலாகச் சுரக்கிறது. உழைப்பில் செலவாகாத மிச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கி ரத்தத்தில் ஏற்றுகிறது; வயிற்றுக்குள்ளும் கொழுப்பு படிகிறது. டிரைகிளிசரைடு ஏறுகிறது, நல்ல கொழுப்பான எச்.டி.எல். இறங்குகிறது, ரத்தக்குழாய் கெடுகிறது. நாள் முழுக்க வயலில் குனிந்து நிமிர்ந்தவருக்கு ஏற்ற சோற்றளவு, நாள் முழுக்கக் கடையிலோ அலுவலகத்திலோ உட்கார்ந்திருப்பவருக்கு ஏற்றதல்ல.

இந்தியர்கள் தங்கள் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்து பெறுகிறார்கள். புரதத்தின் பங்கு 12 விழுக்காடுதான். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு இணைந்து நடத்திய ‘இண்டியாப்’ ஆய்வு, 2025இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் இதை வெளியிட்டது. மாவுச்சத்துக் கலோரியில் 5 விழுக்காட்டைப் பருப்பு, பயறு, பால் பொருட்களின் புரதத்துக்கு மாற்றினால் நீரிழிவு அபாயம் குறையும் என்று அது கணக்கிட்டுக் காட்டுகிறது. அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று தானியத்தை மட்டும் மாற்றி, மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காவிட்டால் அந்தப் பலன் தெரியவில்லை என்றும் சொல்கிறது. நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2023 முதல் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கப்படுகிறது. நல்ல திட்டம், ஆனால் அதோடு நின்றால் போதாது. இரண்டாயிரம் கலோரி உண்பவருக்கு 5 விழுக்காடு என்பது 100 கலோரி, அதாவது 25 கிராம் புரதம். இன்றைய ரேஷன் பருப்பு தருவதோ 2 கிராமுக்கும் குறைவு. இந்த இடைவெளியை அறிவுரையால் நிரப்ப முடியாது. பருப்பால்தான் நிரப்ப முடியும்.

எண்ணெயிலும் மாற்றம் தேவை. பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு 40 விழுக்காட்டுக்கும் மேல். மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெயில் அது 20 விழுக்காடு அளவே. மல்லாட்டைக்கு இந்த மண்ணைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் தந்த டி.எம்.வி. 2, 1967இல் தந்த டி.எம்.வி. 7 ஆகிய ரகங்கள் பல தலைமுறை விவசாயிகளின் கையில் விளைந்தவை. அந்த மூன்று எழுத்துகளே திண்டிவனத்தைக் குறிப்பவை. உளுந்தும் இம்மாவட்டத்தின் முக்கியப் பயிர். விழுப்புரம், திண்டிவனம் கமிட்டிகளில் (ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில்) அறுவடைக் காலத்தில் மூட்டைகள் குவிந்து விலை சரிவதை விவசாயிகள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். அதே ஊர் ரேஷன் கடைக்கு இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் இறக்குமதியாகும் பாமாயில் வந்து சேருவது நியாயமல்ல.

செலவு கூடும் என்பதே இதற்கு வரும் முதல் மறுப்பு. கூடத்தான் செய்யும். ஆனால் மாரடைப்புக்கும் டயாலிசிஸுக்கும் அரசு செய்யும் செலவும் அதே கருவூலத்திலிருந்துதான் போகிறது. மாரடைப்பு வந்தவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகளை உடனே கொடுக்கும் ‘இதயம் காப்போம்’ திட்டத்தை 2023இல் கொண்டுவந்த அரசு, அந்த நெஞ்சுவலி வராமல் தடுக்கவும் பணம் ஒதுக்க வேண்டும். ஏழையின் அரிசியில் கைவைக்கிறார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. அந்த அச்சம் மதிக்கத்தக்கது. எனவே யாருடைய அரிசியையும் கட்டாயமாகக் குறைக்கக் கூடாது. விரும்பும் குடும்பம் மட்டும் ஒரு பகுதி அரிசிக்குப் பதிலாகப் பருப்பு பெறும் உரிமையே தேவை.

நாம் கேட்பவை நான்கு. முதலாவது, விழுப்புரம் மாவட்ட ரேஷன் கடைகளில் மாதப் பருப்பை ஒரு கிலோவிலிருந்து மூன்று கிலோவாக்கி, முன்பு கொடுத்து நிறுத்திய உளுந்தையும் சேர்க்க வேண்டும். இரண்டாவது, அந்த ஒரு லிட்டர் பாமாயிலுக்குப் பதில் மல்லாட்டை எண்ணெய் கொடுக்க வேண்டும். எந்த எண்ணெயும் கலோரி மிகுந்தது என்பதால் அளவு ஒரு லிட்டரைத் தாண்டக் கூடாது. இவற்றை உள்ளூர் கமிட்டிகளில் அரசே நேரடியாகக் கொள்முதல் செய்ய வேண்டும். மூன்றாவது, 2021 முதல் வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்களின் கையில் அளவு டேப் இருக்க வேண்டும்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டிய இடுப்பளவு ஓர் எச்சரிக்கை. இளவயது மாரடைப்போ திடீர் மரணமோ நேர்ந்த குடும்பங்களைக் குறித்துக்கொண்டு, அவர்களை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மரபணு ஆய்வு ஏழைக்குப் பயன்படும் வழி இதுவே. நான்காவது, பள்ளிக் காலை உணவில் உப்புமாவுக்கும் பொங்கலுக்கும் துணையாகச் சுண்டலும் பயறும் நாள்தோறும் இடம்பெற வேண்டும்.

இரண்டு ஆண்டு இதை நடத்தி, தொடங்கும்போதும் முடியும்போதும் இடுப்பளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி அளந்து வெளியிடட்டும். பலன் தெரிந்தால் மாநிலம் முழுக்க விரிவாக்கலாம். அடுத்த நிதிநிலை அறிக்கையில் உணவுத் துறையும் சுகாதாரத் துறையும் இதற்கான தொகையைச் சேர்ந்தே கேட்டுப் பெற வேண்டும். இம்மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராமல் அதற்குக் குரல் கொடுக்க வேண்டும்.