ரோனா கப்பலும் 'ஓடிப்போன' லஸ்கர்களும்

ரஜூலா கப்பலைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். அதற்கு ரோனா என்று ஒரு ஜோடி இருந்தது தெரியுமா? இரண்டும் 1926-ல் கட்டப்பட்டவை. ஒரே கம்பெனி (பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன்), ஒரே பாதை. ரஜூலா 1970-கள் வரை ஓடிவிட்டு உடைப்புக்குப் போனது. ரோனா மத்தியதரைக் கடலுக்கு அடியில் கிடக்கிறது.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் ரோனாவைத் துருப்புக் கப்பலாக்கினார்கள். டெக் பயணிகள் படுத்த இடத்தில் சிப்பாய்கள். 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால், கிட்டத்தட்ட 2000 அமெரிக்க வீரர்களோடு போனபோது, ஜெர்மன் விமானம் ஒன்று ரேடியோவால் இயக்கும் ஹென்ஷெல் 293 குண்டை ஏவியது. 1,015 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். எதிரியின் புது ஆயுதம் பலித்தது வெளியே தெரியக் கூடாது என்று அமெரிக்க அரசு முழு விவரத்தைப் பல வருடம் மூடி வைத்தது.

அந்த ரகசியத்தையாவது போர்க்காலம் என்று விட்டுவிடலாம். என் கோபம் வேறு. இந்தக் கதை வருகிற இடங்களில் எல்லாம் கூடவே ஒரு வரியும் வந்துவிடுகிறது: 'இந்திய மாலுமிகள் பயந்து, படகுகளை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள்.'

அப்படியா? கணக்குப் பார்ப்போம். கப்பல் ஊழியர்கள் சுமார் 195 பேர், பெரும்பாலோர் இந்தியர்கள். அவர்களில் பாதிக்கும் மேல் அன்றே செத்துப் போனார்கள். வீரர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர். படகோடு ஓடியவர்கள் இப்படியா சாவார்கள்?

சிலர் முந்திக்கொண்டு படகில் ஏறியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. பிழைத்த வீரர்களின் ஆத்திரமும் பொய்யில்லை. ஆனால் அதே வீரர்கள்தான் இன்னொன்றும் சொல்கிறார்கள்: குண்டு வெடித்ததில் பல படகுகள் நொறுங்கின, மிச்சத்தில் சில துருவேறி இறக்கவே முடியாமல் இருந்தன. படகைப் பராமரிக்க வேண்டியது யார்? அத்தனை பேரை ஏற்றி அனுப்பியது யார்? வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் சிறு பகுதியை வாங்கிக்கொண்டு பாய்லர் அறையில் வெந்த லஸ்கரா?

கம்பெனியையும் அரசையும் கேட்க வேண்டிய கேள்வியை, பதில் சொல்ல ஆளில்லாதவன் தலையில் கட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

நாமும் யோக்கியமில்லை. ரஜூலாவை ஞாபகம் வைத்திருக்கிறோம், அது நம் தாத்தாக்களைத் திரும்பக் கொண்டுவந்தது. ரோனாவோடு போனவர்களை மறந்துவிட்டோம். அடுத்த முறை அந்த 'ஓடிப்போன' வரியை எங்காவது படித்தால், அந்தப் பாதிக்கும் மேற்பட்டவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.