தயவு வேண்டாம், உரிமை வேண்டும்!

2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் என்ற கோடீசுவரர் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். கோடிக்கணக்கானோர் பேசும் மன்றம் தனியொருவர் கைக்குப் போயிற்று!

இதற்கு மாற்று உண்டு. வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ-3-சி அமைப்பு 2018 ஜனவரியில் ‘ஆக்டிவிட்டிபப்’ என்ற பொது விதியை ஏற்றது. ஓர் ஊர்த் தபாலாபீசில் போட்ட கடிதம் மறு ஊரில் சேர்வதுபோல, ஒரு சர்வரில் எழுதியது மற்ற சர்வர்களுக்கும் சேரும். பலரும் தனித்தனியே நடத்தும் மாஸ்டடான் சர்வர்கள் இவ்விதிப்படியே இயங்குகின்றன.

ஆனால் குறை என்ன? மாஸ்டடானில் சர்வர் மாறினால் நம்மைப் பின்தொடர்வோர் வருவர். நாம் எழுதியவை வாரா. பழைய சர்வர் திடீரென மூடினால் பின்தொடர்வோரையும் இழப்போம். வேலை போனால் மில் குடியிருப்பும் போகிற கதைதான்! தனிக் கடிதங்களையும் சர்வர் நடத்துபவர் படிக்க முடியும்.

ஆகவே நாம் கேட்பது மூன்று: நம் பெயர் சர்வரைச் சார்ந்திராமல் நம்முடையதாக இருக்கட்டும், எழுதியவை நம்மோடு வரட்டும், தனிக் கடிதம் பெறுபவர் மட்டுமே பிரிக்கும்படி பூட்டிப் போகட்டும்.

நடத்துபவர் நல்லவர்தானே என்பார்கள். இருக்கலாம். முதலாளியின் தயவு என்று சொல்லப்பட்ட போனஸ் 1965-ல் சட்டமான பிறகுதானே உரிமையாயிற்று? இதையும் விதியில் எழுதுங்கள்!