லட்டு விவகாரம்: மேடைக்கு வந்த நம்பிக்கையும் மடப்பள்ளி வாசலில் மறக்கப்பட்ட சோதனையும்

திருப்பதி: ஏழுமலையான் கோயிலின் பிரசாதமான லட்டு, 2024 செப்டம்பரில் சில நாட்களிலேயே தேசிய அரசியலின் மையப் பொருளாக மாறியது. முதலமைச்சரின் குற்றச்சாட்டு, எதிர்க்கட்சியின் மறுப்பு, தொலைக்காட்சி விவாதங்கள், பரிகார ஹோமம், உச்ச நீதிமன்ற வழக்கு என அடுத்தடுத்து நிகழ்ந்தவை கோடிக்கணக்கான பக்தர்களைக் கலங்கச் செய்தன. அந்தக் கலக்கத்தைப் பலரும் பயன்படுத்திக்கொண்டனர். மரபைப் போற்றும் பக்தரின் நிலையிலிருந்து பார்த்தால், இந்த விவகாரம் எழுப்பும் முதன்மையான கேள்வி இதுதான்: புனிதமான ஒரு பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன், அதே அளவு கவனத்துடன் உண்மையைச் சோதிக்க வேண்டியது யாருடைய கடமை?

நிகழ்வுகளின் வரிசை

ஆந்திரப் பிரதேசத்தில் 2024 ஜூன் 12 அன்று சந்திரபாபு நாயுடு தலைமையில் தெலுங்கு தேசம், ஜனசேனா, பாஜக கூட்டணி அரசு பொறுப்பேற்றது. முந்தைய ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் ஆட்சிக் காலத்தில் முடிவான ஒப்பந்தத்தின் கீழ், ஜூலை மாதம் திருமலைக்கு வந்த நெய் டேங்கர்களிலிருந்து மாதிரிகள் எடுக்கப்பட்டு, குஜராத்தின் ஆனந்த் நகரில் உள்ள தேசிய பால்வள மேம்பாட்டு வாரியத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. அம்மாத இறுதிக்குள் அறிக்கை கிடைத்தது. பால் கொழுப்பு அல்லாத பிற கொழுப்புகள் கலந்திருக்கக்கூடும் என்று அது கூறியது. அந்தப் பிற கொழுப்புகளின் பட்டியலில் தாவர எண்ணெய்களுடன் மீன் எண்ணெயும் விலங்குக் கொழுப்பும் இடம்பெற்றிருந்தன. சில சூழ்நிலைகளில் இந்தச் சோதனை முறை தவறான முடிவைக் காட்டக்கூடும் என்ற குறிப்பும் அதே அறிக்கையில் இருந்தது.

செப்டம்பர் 18 அன்று கூட்டணி எம்எல்ஏக்கள் கூட்டத்தில் பேசிய முதலமைச்சர், முந்தைய ஆட்சியில் லட்டு தயாரிக்க விலங்குக் கொழுப்பு பயன்படுத்தப்பட்டதாகக் குற்றம்சாட்டினார். மறுநாள் ஆய்வக அறிக்கையை தெலுங்கு தேசம் கட்சி செய்தியாளர்களிடம் வெளியிட்டது. நெய் விநியோகம் தொடர்பான முதல் தகவல் அறிக்கை பதிவானதோ செப்டம்பர் 25 அன்றுதான். சந்தேகத்துக்குரிய டேங்கர்கள் தனியே நிறுத்திவைக்கப்பட்டு, அந்த நெய் பயன்படுத்தப்படவில்லை என்ற விளக்கத்தையும் தேவஸ்தான நிர்வாகம் அளித்திருந்தது.

அறிக்கையின் குறிப்பு, டேங்கர்களின் நிலை, வழக்குப் பதிவின் தேதி ஆகிய மூன்றும் முதல் நாளிலேயே கேட்கப்பட்டிருக்க வேண்டியவை. ஆனால் 'லட்டில் விலங்குக் கொழுப்பு' என்ற சொற்கள் முந்திக்கொண்டன. அறிக்கை சொன்ன 'இருக்கக்கூடும்' என்பது பெரும்பாலான தலைப்புகளில் 'இருந்தது' என மாறியது.

மேடைகளின் போட்டி

அடுத்த இரு வாரங்களும் சமயமும் அரசியலும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நகர்ந்தன. திருமலையில் செப்டம்பர் 23 அன்று சாந்தி ஹோமம் நடத்தப்பட்டது. துணை முதலமைச்சர் பவன் கல்யாண் 11 நாள் பிராயச்சித்த விரதம் மேற்கொண்டார். தேசிய அளவில் சனாதன தர்மப் பாதுகாப்பு வாரியம் அமைக்க வேண்டும் என்று கோரிய அவர், அக்டோபர் 3 அன்று திருப்பதிப் பொதுக்கூட்டத்தில் அந்தக் கோரிக்கையைப் பிரகடனமாகவே வெளியிட்டார். முன்னாள் முதலமைச்சர் ஜெகன் மோகன் ரெட்டி குற்றச்சாட்டை மறுத்துப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அவர் திருமலைக்குச் செல்வதாக அறிவித்தபோது, வேற்று மதத்தவர் அளிக்க வேண்டிய நம்பிக்கை உறுதிமொழிப் படிவத்தில் அவர் கையெழுத்திட வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. இறுதியில் அந்தப் பயணம் ரத்தானது.

இந்தச் சூழலின் வெப்பம் தமிழகத்தையும் எட்டியது. ஹைதராபாத்தில் நடந்த திரைப்பட விழாவில் லட்டு பற்றிக் கேட்கப்பட்டபோது, அது உணர்வுப்பூர்வமான விஷயம், இப்போது வேண்டாம் என்று சிரித்தபடி தவிர்த்த நடிகர் கார்த்தி, மறுநாள் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பழனி பஞ்சாமிர்தம் குறித்தும் வதந்திகள் பரவின. அங்கு ஆவின் நெய்யே பயன்படுத்தப்படுகிறது என்று தமிழக அரசு விளக்கம் அளித்தது. ஆதாரமின்றிப் பேசிய திரைப்பட இயக்குநர் ஒருவர் கைது செய்யப்பட்டார். ஒரு கோயிலைப் பற்றிய சரிபார்க்கப்படாத சொல் அடுத்த கோயிலின் மீதும் நிழல் வீழ்த்தும் என்பதற்கு இது கண்கூடான சான்று.

உச்ச நீதிமன்றத்தின் கண்டிப்பு

சுப்பிரமணியன் சுவாமி, தேவஸ்தான முன்னாள் தலைவர் ஒய்.வி. சுப்பா ரெட்டி உள்ளிட்டோரின் மனுக்கள் செப்டம்பர் 30 அன்று நீதிபதிகள் பி.ஆர். கவாய், கே.வி. விஸ்வநாதன் அமர்வின் முன் விசாரணைக்கு வந்தன. குறைந்தபட்சம் கடவுள்களையாவது அரசியலுக்கு வெளியே வைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை நீதிபதிகள் வெளிப்படுத்தினர். விசாரணை நிலுவையில் இருக்கும்போது ஊடகங்களிடம் செல்ல வேண்டிய தேவை என்ன என்றும் வினவினர். அக்டோபர் 4 அன்று, சிபிஐ அதிகாரிகள் இருவர், மாநிலக் காவல்துறை அதிகாரிகள் இருவர், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் மூத்த அதிகாரி ஒருவர் என ஐவர் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை, சிபிஐ இயக்குநரின் மேற்பார்வையில் நீதிமன்றம் அமைத்தது.

நீதிமன்றத்தின் இந்தக் கண்டிப்பை மதச்சார்பின்மையின் குரலாக மட்டும் வாசிக்க இயலாது. வாக்கிலும் தூய்மை வேண்டும் என்பது சமய மரபு தானே விதித்துக்கொண்ட ஒழுக்கம். அந்த ஒழுக்கத்தையே நீதிமன்றம் நினைவூட்டியது.

முதலமைச்சர் தரப்பின் வாதத்தையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆய்வக அறிக்கை கையில் இருக்கும்போது அதை மறைத்திருந்தால், பக்தர்களுக்கு இழைக்கும் பெரிய துரோகமாக அது ஆகியிருக்கும் என்பது அத்தரப்பின் நிலைப்பாடு. இதில் நியாயம் உண்டு. எனினும், உண்மையை வெளியிடுவதற்கு உரிய இடமும் வரிசையும் உண்டு. வழக்குப் பதிவு, மறுசோதனை, தேவஸ்தானத்தின் முறையான அறிவிப்பு ஆகியவை முன்னே வந்து, கட்சிக் கூட்டம் பின்னே வந்திருந்தால், குற்றம் செய்தவர்கள் அரசியல் பழிவாங்கல் என்ற கேடயத்தின் பின் ஒளிந்துகொள்ள வாய்ப்பு இருந்திருக்காது.

விசாரணை காட்டும் பாதை

2025 பிப்ரவரியில் மூன்று பால் நிறுவனங்களுடன் தொடர்புடைய நால்வர் கைது செய்யப்பட்டனர். விநியோகம் செய்த திண்டுக்கல் நிறுவனம் தொடக்கத்திலேயே கலப்படக் குற்றச்சாட்டை மறுத்திருந்தது. 2025 நவம்பரில் வெளிவந்த விசாரணை விவரங்களின்படி, 2019 முதல் 2024 வரை சுமார் 250 கோடி ரூபாய் மதிப்புள்ள 68 லட்சம் கிலோ போலி நெய், உத்தராகண்டில் இயங்கிய ஒரு நிறுவனத்திலிருந்து வந்தது என்பது புலனாய்வுக் குழுவின் குற்றச்சாட்டு. பாலோ வெண்ணெயோ கொள்முதல் செய்யாமலேயே, பாமாயிலையும் ரசாயனங்களையும் கொண்டு அது தயாரிக்கப்பட்டதாகவும், அந்த நிறுவனம் 2022இல் தகுதிநீக்கம் செய்யப்பட்ட பின்னரும் வேறு நிறுவனங்களின் பெயரில் விநியோகம் தொடர்ந்ததாகவும் கூறப்படுகிறது. இவை நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட வேண்டியவை.

அவை நிரூபணமானால், பக்தரின் வேதனை எவ்விதத்திலும் குறையாது. பசு நெய் என்ற பெயரில் ஐந்தாண்டுகள் வேறொரு பொருள் இறைவனுக்குப் படைக்கப்பட்டது என்பது சிறிய குற்றமல்ல. ஆனால் மேடையில் ஒலித்தது விலங்குக் கொழுப்பு. விசாரணை விவரங்களில் முன்னிலை பெறுவது பாமாயிலும் ரசாயனமும். அதிர்ச்சி தரும் சொல்லைப் பிடித்துக்கொண்ட விவாதங்கள், ஒப்பந்தப்புள்ளி, விலை, சோதனை வசதி ஆகிய உண்மையான ஓட்டைகளைக் கண்டுகொள்ளவில்லை.

திண்டுக்கல் நிறுவனம் கிலோ 320 ரூபாய் அளவில் நெய் வழங்க முன்வந்தது. தூய பசு நெய்க்கு இது நம்ப முடியாத விலை என்று தேவஸ்தான நிர்வாக அதிகாரியே பின்னர் கூறினார். கலப்படத்தைக் கண்டறியும் ஆய்வக வசதி திருமலையில் இல்லாததை விநியோகஸ்தர்கள் பயன்படுத்திக்கொண்டனர் என்றும் அவர் ஒப்புக்கொண்டார். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் வரவுசெலவு கொண்ட நிறுவனத்தில் நெய்யைச் சோதிக்க வசதி இல்லை என்ற இந்தச் செய்தியே அந்த மாதத்தின் முதன்மைத் தலைப்பாக இருந்திருக்க வேண்டும்.

சித்தூரின் பால், தொலைதூர நெய்

இதில் இன்னொரு முரணும் உண்டு. 2022 ஏப்ரலில் பிரிக்கப்படும் வரை திருப்பதியை உள்ளடக்கியிருந்த சித்தூர் மாவட்டம், பால் உற்பத்திக்குப் பெயர் பெற்றது. குப்பம் தொகுதி எம்எல்ஏவான சந்திரபாபு நாயுடு 1992இல் தொடங்கிய ஹெரிடேஜ் நிறுவனமும் இந்த மண்ணில்தான் வேரூன்றியது. ஒரு காலத்தில் செழித்திருந்த சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணை 2002இல் மூடப்பட்டது. அதை அமுல் நிறுவனத்தின் மூலம் மீட்க ஜெகன் மோகன் ரெட்டி 2023 ஜூலையில் அடிக்கல் நாட்டினார். இரு கட்சிகளும் இந்தப் பண்ணையை வைத்து ஒன்றையொன்று சாடிக்கொண்டிருந்த காலத்தில், மலையடிவாரத்து மாவட்டத்தைக் கடந்து தொலைதூர மாநிலத்தின் நெய் மலையேறியது. வழங்குபவர் யார் என்று அறிந்து பொருளை ஏற்பதே கோயில்களின் பழைய வழக்கம். குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம் என்ற நடைமுறை அந்த அறிமுகத்தை அறுத்துவிட்டது. கலப்படச் சந்தேகம் எழுந்த பின் தேவஸ்தானம் கர்நாடகக் கூட்டுறவின் நந்தினி நெய்க்குத் திரும்பியது இவ்வகையில் கவனிக்கத்தக்கது.

ஊடகமும் அறங்காவலும்

ஆந்திர அரசியலில் ஊடகம் வெளியே நின்று பார்க்கும் சாட்சியாக இல்லை. சாக்ஷி குழுமம் ஜெகன் மோகன் ரெட்டி குடும்பத்தைச் சார்ந்தது. ஈநாடு, ஆந்திர ஜோதி ஆகியவை தெலுங்கு தேசத்துக்குச் சாதகமானவை என்பது ஒய்எஸ்ஆர் காங்கிரஸின் நீண்டகாலப் புகார். 2024 நவம்பரில் தேவஸ்தான அறங்காவலர் குழுத் தலைவராகப் பொறுப்பேற்ற பி.ஆர். நாயுடு, டிவி5 செய்தித் தொலைக்காட்சியின் தலைவர். முந்தைய ஆட்சிக் காலத்தில் அப்பதவியில் இருந்தவர்களில் ஒருவரான ஒய்.வி. சுப்பா ரெட்டி, ஜெகன் மோகன் ரெட்டியின் உறவினர். சட்டப்படி இந்நியமனங்களில் தடை இல்லை. ஆனால் ஆட்சி மாறும்போதெல்லாம் அறங்காவலும் மாறினால், கோயிலின் குறைகளைச் சொல்வதும் மறைப்பதும் கட்சிக் கணக்காகிவிடும்.

கோயில்களை அரசின் பிடியிலிருந்து முற்றிலும் விடுவிக்க வேண்டும் என்ற இந்து அமைப்புகளின் கோரிக்கை இந்த விவகாரத்தால் வலுப்பெற்றது. ஆயினும் திருமலையின் வரலாறு அதற்கு எளிய விடை தருவதில்லை. 1843 முதல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளின் பொறுப்பில் இருந்த நிர்வாகம், சென்னை மாகாணச் சட்டமன்றம் இயற்றிய 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் குழுவின் கைக்கு வந்தது. அரசு, மடம், குழு என எந்தப் பெயரில் நிர்வாகம் அமைந்தாலும், அதைக் கணக்குக் கேட்கும் முறை இல்லையெனில் பயன் இல்லை.

அத்தகைய முறை திருமலையின் மரபிலேயே இருக்கிறது. லட்டுக்கு எந்தப் பொருள் எவ்வளவு சேர வேண்டும் என்பதை 'திட்டம்' எனப்படும் அளவுப் பட்டியல் வரையறுக்கிறது. 5,100 லட்டுகளை ஓர் அலகாகக் கொண்டு கடலைமாவு, சர்க்கரை, நெய், முந்திரி, ஏலக்காய் அனைத்துக்கும் கணக்கு உண்டு. அளவைக் காத்த மரபு, பொருளின் தரத்தையும் அதே கண்டிப்புடன் காத்திருக்க வேண்டும்.

பக்தர்கள் சொன்ன விடை

சர்ச்சை உச்சத்தில் இருந்த செப்டம்பர் 19 முதல் 22 வரையிலான நான்கு நாட்களில் 14 லட்சத்துக்கும் அதிகமான லட்டுகள் விற்பனையாயின. பக்தர்களின் நம்பிக்கை அரசியல்வாதிகள் எண்ணியதைவிட உறுதியானது என்பதை இது காட்டுகிறது. அந்த உறுதியைக் காரணம் காட்டி நிர்வாகம் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. 2025 ஜனவரி 8 அன்று வைகுண்ட வாயில் தரிசன டோக்கனுக்காகத் திருப்பதியில் காத்திருந்த கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் 6 பேர் உயிரிழந்தனர். பிரசாதத்தின் புனிதம் பற்றி உரக்க முழங்கியவர்கள், பக்தரின் பாதுகாப்பிலும் அதே தீவிரத்தைக் காட்டியிருக்க வேண்டும்.

வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத பணிகள் உள்ளன: ஒவ்வொரு டேங்கரின் சோதனை முடிவையும் பக்தர்கள் பார்க்கும் வகையில் வெளியிடுதல், விலைக்கு முன் தரத்தை வைத்து ஒப்பந்தம் அளித்தல், ஆட்சி மாற்றத்தால் கலையாத அறங்காவலர் குழுவை அமைத்தல். இவற்றில் எதற்கும் பொதுக்கூட்டம் வேண்டியதில்லை. இவை நடந்தேறுகின்றனவா என்று தொடர்ந்து கேட்பதே ஊடகங்களின் முன் உள்ள பணி.