மொட்டை மாடியில் ஒரு மூக்கு

பெங்களூருக்குப் பொட்டி தட்ட வந்த நம்ம மக்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. தண்ணி வரலைன்னா ஓனருக்கு போன். கரண்ட் போனா பெஸ்காமுக்கு போன். சுடுதண்ணி சரியா வரலைன்னா மட்டும் சூரியனைத் திட்டுவோம். "மேகமா இருக்குல்ல, அதான்" என்று நமக்கு நாமே தீர்ப்பு சொல்லிவிட்டு, கீசர் ஸ்விட்சைத் தட்டிவிட்டு, ஆபீஸில் ஆணி பிடுங்கக் கிளம்பிவிடுவோம். போன ஜனவரி வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

அந்த மாசம் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். வயசு 74, சர்க்கரை உண்டு. ஊரில் பச்சைத் தண்ணியில் குளிக்கிற மனுஷன்தான். ஆனால் பெங்களூரில் ஜனவரி விடியக்காலைத் தண்ணி அவரையே "யம்மா" என்று சொல்ல வைத்துவிடும். வந்த இரண்டாம் நாளே சொன்னார்: "ஏலே, குழாய் இருமுதுலே. லைன்ல ஏர் இருக்கு. மாடிக்குப் போயி என்னன்னு பாரு."

"பாக்கறேன்ப்பா" என்றேன். நாம சொல்ற "பாக்கறேன்ப்பா"வுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

பொங்கலுக்கு ஓசூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தோம். இரண்டு நாளும் நல்ல வெயில். வீட்டில் யாரும் சுடுதண்ணி திறக்கவில்லை. திரும்பி வந்ததும் அப்பா கை கால் கழுவப் போனார். குழாயைத் திறந்தால் வெறும் காத்து. இன்னும் கொஞ்சம் திறந்திருக்கிறார். புர்ர் என்று ஒரு சத்தம். அடுத்த நொடி கொதிதண்ணி பீய்ச்சி அடித்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துவிட்டது. சின்னக் காயம்தான் என்றார் டாக்டர். சர்க்கரை உடம்பு, ஆற மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரமும் தங்கமணி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அன்றைக்கே ஓனரிடம் சாவி வாங்கி மாடி ஏறினேன். சோலார் டாங்க் தலையில் நட்டுவைத்த மாதிரி ஒரு குழாய் நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதுதான் ஏர் வென்ட், அந்த டாங்கின் மூக்கு. எங்கள் மூக்கின் வாயில் டெஃப்லான் டேப் சுற்றி ஒரு டம்மி, இறுக்கமாக. விசாரித்தால், தண்ணித் தொட்டி ரொம்பும்போது அந்தக் குழாய் வழியா தண்ணி வழிந்து காயப்போட்ட துணியை நனைத்ததாம். யாரோ ஒரு பிளம்பர் ஆறு மாசத்துக்கு முன்னாடி அடைத்துவிட்டுப் போயிருக்கிறார். பிரச்சினை தீர்ந்தது, துணிக்கு!

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த மூக்கு எதற்கு?

தண்ணிக்குள் எப்போதும் காத்து கரைந்திருக்கும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணியில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் நிற்கும். 60 டிகிரிக்குச் சூடானால் அதில் பாதிதான் நிற்கும், மீதி குமிழியாக வெளியே வந்துவிடும். அது மேலே போய் வெளியேற வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் குழாய் எங்கே மேடாக வளைகிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். நம்ம வீடுகளில் தண்ணி வருவது மேல்தொட்டியின் உயரத்தை நம்பித்தான். இரண்டு மீட்டர் உயரத்துக்கு அழுத்தம் வெறும் 0.2 பார். ஒரு காத்துக்குமிழி அதை நிறுத்த முடியும்.

வெயில் படும் தகட்டிலிருந்து டாங்குக்குத் தண்ணி ஏறுவதும் பம்பால் இல்லை. 60 டிகிரித் தண்ணி லிட்டருக்கு 983 கிராம், 20 டிகிரித் தண்ணி 998 கிராம். அந்த 15 கிராம் வித்தியாசம்தான் மோட்டார். இத்தனை மெல்லிய சுழற்சிக்கு நடுவில் காத்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? போதாததற்கு, வென்ட் அடைபட்ட டாங்கிலிருந்து தண்ணி வேகமாக வடிந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி டாங்க் தகடே உள்வாங்கிவிடலாம். மூக்கு காத்தை விடுவதற்கு மட்டும் இல்லை, இழுப்பதற்கும்தான்.

ஓனரிடம் சொன்னேன். நல்ல மனுஷர். "பிஸி நீரு சரியாகி பர்த்தா இல்வா?" என்று கேட்டு வருத்தப்பட்டார். உடனே ஒரு யோசனையும் சொன்னார்: "ஆட்டோமேட்டிக் வால்வு போட்டுவிடலாம். காத்து தானாகப் போகும், தண்ணி வழியாது." கேட்க நன்றாகத்தான் இருந்தது. மென்பொருள் ஆசாமிக்கு ஆட்டோமேட்டிக் என்றால் கசக்குமா?

அந்த வால்வு ஒரு சின்னப் பித்தளைச் சிமிழ், உள்ளே ஒரு மிதவை. தண்ணி இருந்தால் மிதவை ஏறி ஓட்டையை மூடும். காத்து சேர்ந்தால் மிதவை இறங்கி ஓட்டையைத் திறக்கும். அவ்வளவுதான். நல்ல சாமான்.

இதைப் பற்றி லண்டனில் இருக்கும் தங்கையிடம் போனில் பேசினேன். அவள் வீட்டில் ஒவ்வொரு அறையிலும் சுவரோடு ரேடியேட்டர். உள்ளே வெந்நீர் சுற்றி அறையைச் சூடாக்கும். காத்து சேர்ந்தால் ரேடியேட்டரின் மேல்பாதி ஜில்லென்று இருக்கும். ஒரு குட்டிச் சாவியால் அரைச் சுற்று திருகினால் உஸ்ஸென்று காத்து போகும், தண்ணி எட்டிப் பார்த்ததும் மூடிவிட வேண்டும். "எல்லாத்துக்கும் ஆட்டோமேட்டிக் வால்வு மாட்டலாம்னு இருந்தோம்ண்ணா. வந்த மெக்கானிக் கேட்டாரு, மாசாமாசம் காத்து எங்கிருந்து வருதுன்னு பாக்காம, அதை விரட்ட ஒரு மெஷினான்னு" என்றாள்.

அந்தக் கேள்வி என்னை யோசிக்க வைத்தது. அங்கே சுற்றுவது அதே தண்ணிதான். ஆரம்பத்தில் காத்து போய்விட்டால் அப்புறம் அதிகம் சேரக் கூடாது. அடிக்கடி சேர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது இரும்பு துருப்பிடித்து உள்ளேயே ஹைட்ரஜன் உண்டாகிறது என்று அர்த்தம். கையால் திருகுகிறவனுக்கு அது தெரியும். ஆட்டோமேட்டிக் வால்வு காத்தையும் அனுப்பிவிடும், சேதியையும் சேர்த்து அனுப்பிவிடும்.

நம்ம ஊர் சோலாரில் கதை வேற. தினமும் புதுத் தண்ணி, தினமும் புதுக் காத்து. பெங்களூரில் பல பேட்டைகளில் போர்வெல் தண்ணி, உப்பு ஜாஸ்தி. கீசர் கம்பியில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு அந்தச் சின்ன மிதவையிலும் ஊசி ஓட்டையிலும் படியும். ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். வெளியே இருந்து பார்த்தால் வால்வு பளபளவென்று அப்படியே இருக்கும். டம்மி அடித்த குழாய்க்கும் அதற்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

அதனால் என் கட்சி இதுதான். தொட்டி உயரத்தை மட்டும் நம்பி ஓடும் சாதாரண சோலாருக்குத் திறந்த குழாயே போதும், அதுவே நல்லதும்கூட. தண்ணி வழிகிறதென்றால் குழாய் குட்டை என்று அர்த்தம். தொட்டியில் தண்ணி முழுசாக நிற்கும் மட்டத்துக்கு மேலே அது போக வேண்டும். நாங்கள் இரண்டடி நீட்டி, தலையைக் கீழ்நோக்கி வளைத்து, பூச்சி போகாமல் ஒரு வலை கட்டினோம். செலவு ஆயிரம் ரூபாய்க்குள். துணியும் நனையவில்லை, குழாயும் இருமவில்லை.

பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் திறந்த குழாய் நடக்காது, தண்ணி பீய்ச்சிவிடும். அங்கே ஆட்டோமேட்டிக் வால்வு வேண்டும்தான். ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, டாங்க் அழுத்தம் தாங்குகிற வகையா என்று முதலில் பாருங்கள். சாதாரண டாங்குக்கு முன்னால் பம்பை மாட்டி மூக்கை அடைப்பது வெடியைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பதற்குச் சமம். இரண்டு, காத்து வால்வு வேறு, அழுத்தம் மீறினால் திறக்கும் பாதுகாப்பு வால்வு வேறு. இரண்டுமே இருக்க வேண்டும், வருஷத்துக்கு இரண்டு முறை யாராவது கழற்றிப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் நம்மைப் போன்ற வாடகைக் குடும்பங்களுக்குச் சிக்கல். 2007-இல் கர்நாடக அரசு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புது வீடுகளுக்கு சோலார் வெந்நீர்க் கருவியைக் கட்டாயமாக்கியது. நல்ல காரியம். இன்று பெங்களூரில் எந்த மாடியில் நின்று பார்த்தாலும் டாங்குகள்தான். ஆனால் வைக்கச் சொல்ல விதி இருக்கிற அளவுக்கு, வைத்ததைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் நேரம் இல்லை. குளிப்பது நாம், மாடிச் சாவி ஓனர் கையில். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாடி கார் நிறுத்த இடம் கேட்கிறோம், பூஜை அறை வாசல் எந்தப் பக்கம் என்று பார்க்கிறோம். ஒரு தடவை மாடி ஏறி அந்த மூக்கையும் பாருங்கள். அடைத்திருந்தால் அங்கேயே கேளுங்கள். இரண்டு நாள் வீடு பூட்டிவிட்டு வந்தால் முதலில் நீங்களே குழாயை மெல்லத் திறந்து, பீய்ச்சல் நின்று தண்ணி சீராக வரும்வரை தள்ளி நில்லுங்கள். பெரியவர்களையும் குழந்தைகளையும் அதற்கப்புறம் அனுப்புங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா முப்பது வருஷம் வயலில் பம்ப்செட் ஓட்டியவர். தண்ணி ஊற்றி, காத்து எடுத்து, சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிறவர். அவர் சொன்னது ஒரு வயசானவரின் குறை என்று என் காதில் விழுந்தது. அது ஒரு மெக்கானிக்கின் கண்டுபிடிப்பு. ஊரில் அவருக்காக தானாக ஓடும் மோட்டார், தானாக எரியும் விளக்கு எல்லாம் மாட்டிக் கொடுத்துவிட்டு, பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, "மேல மூக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இந்தத் தடவை உடனே மாடி ஏறினேன்.