இல்லை என்றால் எது இல்லை?

மாத மீட்டிங்கில் மேனேஜர் பொரிந்து தள்ளுகிறார்: "இந்த செக்‌ஷன்ல எல்லாரும் லேட்!" எப்படி மறுப்பீர்கள்?

"இல்ல சார், எல்லாரும் கரெக்ட் டயத்துக்குத்தான் வர்றோம்" என்றால் தொலைந்தீர்கள். ரிஜிஸ்டரைப் புரட்டி, ஒரே ஒரு லேட் பேர்வழியைக் காட்டி உங்கள் வாயை அடைத்துவிடுவார். தர்க்கத்தில் மறுப்பு என்பது ரொம்பச் சிக்கனமான சமாசாரம். "ஒருத்தராவது நேரத்துக்கு வர்றாங்க சார்." போதும். மேனேஜர் சொன்னது பொய்.

'எல்லாம்' என்பதற்கு எதிர் 'எதுவுமே இல்லை' அல்ல. 'ஒன்றாவது அப்படி இல்லை'. தமிழ் வேறு நம்மைக் குழப்புகிறது. "எல்லாரும் வரலை" என்றால் சிலர் வரவில்லையா, ஒருத்தருமே வரவில்லையா? பந்தியில் இலை போடுகிறவரைக் கேளுங்கள், அவர் கஷ்டம் தெரியும்.

இந்த 'ஒன்று' பெரிய தலைகளையே கவிழ்த்திருக்கிறது. 2, 4, 16, 256 என்று வர்க்கமாக்கிக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537. அத்தனையும் பகா எண்கள். வரிசை முழுக்க இப்படித்தான் என்று நம்பினார், பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் ஃபெர்மா. ஆய்லர் 1732-ல் அடுத்த எண்ணைப் பிடித்தார்: 4294967297. அது 641-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது. ஆட்டம் க்ளோஸ். வரிசையில் மிச்சமுள்ள எண்களைத் தொடவே வேண்டாம்.

'உம்', 'அல்லது' விவகாரத்துக்கு அகஸ்டஸ் டி மார்கனின் விதிகள் இருக்கின்றன. மனிதர் 1806-ல் மதுரையில் பிறந்தவர். (கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். ஜிகர்தண்டா பற்றியெல்லாம் கேட்காதீர்கள்.) அவர் விதிப்படி, மறுக்கும்போது 'உம்' 'அல்லது' ஆகும், 'அல்லது' 'உம்' ஆகும்.

பயோடேட்டாவில் "எக்ஸெலும் ஹிந்தியும் தெரியும்" என்று எழுதினால் உங்களைப் பொய்யன் ஆக்குவது சுலபம். இரண்டில் ஏதாவது ஒன்று தெரியாவிட்டால் போச்சு. "எக்ஸெல் அல்லது ஹிந்தி தெரியும்" என்று எழுதுங்கள். இரண்டுமே தெரியாது என்று நிரூபித்தால்தான் மாட்டுவீர்கள். வேலை கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

இன்னொன்று. "என்னிடம் உள்ள பென்ஸ் கார்கள் எல்லாம் வெள்ளை." தர்க்கப்படி இது சுத்தமான உண்மை. என்னிடம் பென்ஸே கிடையாது என்பது ஆட்சேபணை ஆகாது. மறுக்க வேண்டுமானால் வெள்ளையில்லாத பென்ஸ் ஒன்று என் பெயரில் இருக்க வேண்டும். யாராவது ஒரு கறுப்பு பென்ஸை என் பெயருக்கு எழுதி வாசலில் நிறுத்தினால், தோல்வியை உடனே ஒப்புக்கொள்கிறேன்.